நம்பு, விசுவாசி, நம்பிக்கை கொள்

யோவான் எழுதிய நற்செய்தியில் ஒரு பெயர்ச்சொல் ஒரு முறைகூட வருவதில்லை. பவுலின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் 'பிஸ்திஸ்' என்னும் கிரேக்கச் சொல்தான் அது. அதன் வினைவடிவமான 'பிஸ்தேயுவோ' மட்டும் அதே நூலில் 98 முறை வருகிறது. தற்செயலாக நேர்ந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒருவர் கைவசம் வைத்திருக்கும் பொருளாக அல்ல, செய்துகொண்டே இருக்கும் செயலாக யோவான் அதைக் கண்டார் என்றுதான் கொள்ளவேண்டும். ஆங்கில விவிலியங்கள் இந்த வினையைப் பெரும்பாலும் 'பிலீவ்' என்று தந்தன. தமிழில் இதற்கு இரண்டு பெரிய மரபுகள் உண்டு. 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த திருப்புதல், 'விசுவாசி' என்றது. சீர்திருத்தச் சபைகள் இன்றும் பெரும்பாலும் அதையே வாசிக்கின்றன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு, 'நம்பிக்கை கொள்' என்ற வழியை எடுத்தது. இரண்டில் எது கிரேக்க வினைக்கு நெருக்கமானது, எது தமிழ் வாசகருக்கு நேர்மையானது என்பதே இங்கே எடைபோட வேண்டியது.

இந்தக் கேள்வியைக் கொல்லிமலையில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு 1623இல் இராபர்ட் தே நொபிலி வந்தார். கத்தோலிக்கத் தமிழுக்கு வடசொல் நடையை வகுத்தவர்களில் முதன்மையானவர் அவர். கடவுளைச் சர்வேசுரன் என்று அழைத்த அந்த மரபின் பழைய மன்றாட்டுகளில் 'விசுவசிக்கிறேன்' என்ற சொல்தான் நிலைத்திருந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1913இல், மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் திருமணமான கையோடு அதே மலைமேல் ஏறி, வாழவந்தியில் குடியேறினார்கள். 1914இல் பிறந்து, தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் பெயர்பெற்ற அவர்களுடைய மகன் பால் பிராண்ட் சிறுவயதில் வளர்ந்தது அந்த மலையில்தான். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். எவலின் தம் தொண்ணூறுகளிலும் இந்தப் பகுதியின் மலைகளில் பணியாற்றி, 1974இல் இறந்தார்.

இவர்களுடைய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நம் கேள்விக்கு நேராக வருகிறது. டோரதி கிளார்க் வில்சன் 1976இல் வெளியிட்ட எவலினின் வாழ்க்கை வரலாறும் பால் பிராண்டின் நினைவுகளும் இதைச் சொல்கின்றன. ஜெஸ்ஸி நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார், கிணறுகளைச் சீராக்கினார், பல் பிடுங்கினார், தச்சு கற்பித்தார். மக்கள் காலை நீட்டினார்கள், மருந்தை வாங்கினார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில் எவரும் அவருடைய சமயத்துக்கு வரவில்லை. அவரைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒரு பூசாரியும் இருந்தார். முதல் உலகப்போரின் முடிவில் உலகைச் சூறையாடிய இன்ஃபுளுயன்சா கொல்லிமலைக்கும் ஏறியபோது அந்தப் பூசாரி படுத்தார். அருகில் போக யாருமில்லாத நேரத்தில் பிராண்ட் தம்பதி போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடம் கொடுத்துவிட்டார். மலையில் சபை உருவானது அதற்குப் பின்புதான்.

அந்தப் பூசாரி செய்ததைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? நம்பி ஒப்படைத்தார் என்போம். பிராண்டின் கொள்கை விளக்கத்தை ஏற்றார் என்றோ, கிறிஸ்துவைப் பற்றிய கூற்றுகள் உண்மை என்று முடிவுசெய்தார் என்றோ சொல்ல நமக்குச் சான்று இல்லை. இந்தக் கதை நமக்குக் கிடைப்பது மிஷனரிகளின் தரப்பிலிருந்து மட்டும்தான். அவர்களைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத தந்தையாகவும் அவர் இருந்திருக்கலாம். அதனால் இந்த நிகழ்ச்சியை மதமாற்றத்தின் வெற்றிக்கதையாக வைத்து வாதிடுவது தவறு. எனக்கு அது பயன்படுவது வேறு காரணத்துக்காக. ஒரு மனிதர் தமக்குரியதில் மிக அரிதானதை இன்னொருவர் கையில் வைக்கிறார். கிரேக்க 'பிஸ்தேயுவோ'வின் பொருள்பரப்பில் இந்தச் செயலும் அடங்கும். ஆங்கில 'பிலீவ்' இதை இழந்துவிட்டது. விசுவாசி என்ற தமிழ்ச்சொல் இதை ஒருபோதும் பெறவில்லை.

யோவான் 2ஆம் அதிகாரத்தின் 23, 24ஆம் வசனங்களைப் பார்த்தால் இந்த இழப்பு கண்கூடாகத் தெரியும். எருசலேமில் பலர் இயேசுவின் அடையாளங்களைக் கண்டு அவரில் 'பிஸ்தேயுவோ' செய்தார்கள். இயேசுவோ தம்மை அவர்களிடம் 'பிஸ்தேயுவோ' செய்யவில்லை. ஒரே வினை, அடுத்தடுத்த இரண்டு வசனங்கள், திசை மட்டும் மாறுகிறது. அவர்கள் அவரை நம்பினார்கள், அவர் அவர்களை நம்பவில்லை என்ற முரண்தான் அந்தப் பகுதியின் உயிர். 1611இல் வெளியான ஆங்கிலத் திருப்புதல் முதல் வசனத்தில் 'பிலீவ்' என்றும் இரண்டாவதில் 'கமிட்' என்றும் வேறுவேறு சொல்லைப் போட்டு அந்த முரணைக் கலைத்தது. பவர் குழுவும் அதையே செய்தது. மக்கள் செய்ததற்கு விசுவாசம். இயேசு செய்யாததற்கு 'நம்பி இணங்கவில்லை'. பொதுமொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் நம்பு என்ற வேரையே வைத்திருக்கிறது. இந்த இடத்தில் அது தெளிவாக முன்னிற்கிறது.

பவர் குழுவினர் கவனமில்லாமல் இதைச் செய்திருக்கமாட்டார்கள். லூக்கா 16:11இல் அதே கிரேக்க வினை, மெய்யான செல்வத்தை யார் உங்களிடம் விடுவார்கள் என்ற கேள்வியில் வருகிறது. அங்கே அவர்கள் போட்டது 'நம்பி ஒப்புவித்தல்'. ஆக, கிரேக்க வினைக்குத் தமிழில் நம்பு பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. மனிதர் மனிதரிடம் செய்வதற்கு நம்பு. மனிதர் கடவுளிடம் செய்வதற்கு விசுவாசி. புதிய ஏற்பாட்டில் அவர்கள் போட்ட கோடு ஏறக்குறைய இதுதான். கிரேக்கத்தில் அப்படியொரு கோடு இல்லை. கடன் கொடுப்பவனும் சீடனும் ஒரே வினையைத்தான் செய்கிறார்கள். அந்த வினையைச் சந்தையிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் எடுத்துக் கடவுள்முன் வைத்ததே புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களின் துணிவு. தமிழில் அதைக் கோயிலுக்கு மட்டும் உரிய சொல்லாகத் தனிமைப்படுத்தியதால் அந்தத் துணிவு மறைந்துபோனது.

விசுவாசத்துக்காகச் சொல்லத்தக்க வாதங்களும் எளிதானவை அல்ல. மூன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலாவது, 'எல்பிஸ்' என்ற இன்னொரு கிரேக்கச் சொல். வருங்காலத்தில் கிடைக்கவிருப்பதை நோக்கிக் காத்திருக்கும் மனநிலை அது. பேச்சுத்தமிழில் அதற்கும் நம்பிக்கை என்றுதான் சொல்கிறோம். மழை வரும் என்று நம்புகிறோம், பிள்ளை தேறிவிடுவான் என்று நம்பிக்கையோடு இருக்கிறோம். கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தின் 13ஆம் அதிகாரம் பிஸ்திஸ், எல்பிஸ், அன்பு என்ற மூன்றை வரிசைப்படுத்துகிறது. நம்பிக்கையை எல்பிஸுக்குக் கொடுத்துவிட்டால் பிஸ்திஸுக்கு வேறு சொல் வேண்டும். பவர் குழு விசுவாசத்தை வைத்தது. உரோமையர் 4:18இல் ஆபிரகாமைப் பற்றி இரண்டு சொல்லும் மோதிக்கொண்டு வரும் இடத்தில், நம்பிக்கையும் விசுவாசமும் அருகருகே நிற்கும் பழைய வாசகம் காதுக்கு மிக நன்றாக இருக்கிறது. பொதுமொழிபெயர்ப்பு பிஸ்திஸுக்கு நம்பிக்கையை எடுத்துக்கொண்டதால் எல்பிஸுக்கு 'எதிர்நோக்கு' என்ற பெயர்ச்சொல்லைத் தேட வேண்டியதாயிற்று. பொருளில் பிழையில்லை. ஆனால் துக்க வீட்டில் ஒருவருக்கு எதிர்நோக்கைத் தரமுடியாது, நம்பிக்கையைத்தான் தரமுடியும். இது உண்மையான இழப்பு. அதை மறைக்கத் தேவையில்லை.

என்றாலும் இந்தச் சிக்கலுக்கு விசுவாசம் ஒன்றே தீர்வு என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே கன்னட விவிலியம் இருக்கிறது. நம் நம்பிக்கைக்கு உடன்பிறப்பான 'நம்பிகெ'யைப் பிஸ்திஸுக்கும், 'நிரீக்ஷெ'யை எல்பிஸுக்கும் அது வைத்திருக்கிறது. யோவான் 3:16இலும் நம்புகிறவன் என்றுதான் கன்னடத்தில் வருகிறது. கன்னடக் கிறிஸ்தவர்களின் பக்தி இதனால் மெலிந்துபோனதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது வாதம் எபிரேயத்திலிருந்து வருகிறது. பழைய ஏற்பாட்டில் 'ஆமன்' என்ற வேரும் 'பாதாக்' என்ற வேரும் தனித்தனி. ஆமென் என்று நாம் சொல்வது முதல் வேரிலிருந்து பிறந்தது. உறுதியாக நிற்பது அதன் உட்பொருள். தொடக்கநூல் 15:6இல் ஆபிராம் செய்தது அது. சங்கீதங்களில் அடிக்கடி வருவது இரண்டாவது, சாய்ந்துகொள்வது, சார்ந்திருப்பது. பவர் குழு முதலாவதற்கு விசுவாசி, இரண்டாவதற்கு நம்பு என்று பிரித்தது. 37ஆம் சங்கீதத்தில் கர்த்தரை நம்பச் சொல்வது அதனால்தான். நுட்பமான வேலை இது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இதே நுட்பம் அவர்களுடைய இன்னொரு கோட்டை அழித்துவிடுகிறது. கர்த்தரை நம்பு என்று சங்கீதத்தில் சொல்லலாம் என்றால், நம்பு என்ற சொல் கடவுளுக்குச் சிறிது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. தெரேசா மார்கன் 2015இல் வெளியிட்ட ஆய்வு, உரோமப் பேரரசின் அன்றாட வாழ்வில் பிஸ்திஸ் என்பது மனிதர்களுக்கு இடையிலான உறவைக் குறித்தது என்று விரிவாகக் காட்டியது. தலைவனுக்கும் படைவீரனுக்கும், உரியவனுக்கும் வேலையாளுக்கும், நண்பர்களுக்கும் இடையில் இருக்கும் நம்பிக்கையும் பற்றும் அதில் சேர்ந்தே இருந்தன. 2017இல் மேத்யூ பேட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அரசனாகிய கிறிஸ்துவுக்குக் காட்டும் பற்றுறுதி என்றே அதற்குப் பொருள் கண்டார். இன்றைய தமிழில் விசுவாசத்துக்கு இருக்கும் பொருள் ஏறத்தாழ இதுவேதான். எஜமான விசுவாசம், நன்றி விசுவாசம், வெள்ளையர் காலத்து ராஜ விசுவாசம், தலைவரின் விசுவாசிகள் என்று செய்தித்தாள்கள் எழுதும் கட்சித் தமிழ், 2019இல் திரைக்கு வந்த படத்தின் பெயர்வரை எல்லாம் பற்றுறுதியையே சொல்கின்றன. பவர் குழுவுக்குத் தெரியாமலே அவர்களுடைய சொல் புதிய ஆய்வுக்கு அருகில் வந்து நிற்கிறது என்று ஒருவர் வாதிடலாம்.

பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை இந்த வாதம் செல்லும். வினைச்சொல்லுக்கு வந்தால் செல்லாது. எஜமானிடம் விசுவாசமாக இருக்கிறான் என்போம். எஜமானை விசுவாசிக்கிறான் என்று எந்தத் தமிழரும் பேசுவதில்லை. 'விசுவாசி' என்ற வினை சபைக்கு வெளியே உயிரோடு இல்லை. சபைக்குள்ளும் அது வினையாக இருப்பதைவிடப் பெயராக இருப்பதே அதிகம். அவர் விசுவாசியா, அது விசுவாசி வீடா என்று கேட்கும்போது அந்தச் சொல் சபைச் சேர்க்கையைக் குறிக்கிறது. யோவான் பெயர்ச்சொல்லை அடியோடு தவிர்த்து எழுதிய ஒன்று, தமிழ்நாட்டில் ஒரு சமூகக் குழுவின் பெயராகிவிட்டது. இதைவிடப் பெரிய திரிபை ஒரு மொழிபெயர்ப்புச் சொல் அடையமுடியாது என்று நினைக்கிறேன்.

சொற்பிறப்பை வைத்து வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். விசுவாசத்தின் வடமொழி வேருக்கு, அச்சம் நீங்கி இயல்பாக மூச்சுவிடுவது என்ற பொருள் உண்டு. 'பிலீவ்' என்ற ஆங்கில வினை, அன்புக்குரியது என்று பொருள்படும் பழஞ்சொல்லோடு உறவுடையது. வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1970களில் எழுதிய நூல்களில், அந்த வினை ஒரு காலத்தில் ஒருவரை நெஞ்சோடு பற்றிக்கொள்வதைக் குறித்துப் பின்னர் வெறும் கருத்தைக் குறிக்குமளவு சுருங்கியதை விளக்கினார். தொல்காப்பியத்தின் உரியியலோ நம்பு என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் சொல்கிறது. ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச்சொல்லும் விருப்பத்திலிருந்தே புறப்பட்டிருப்பது வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்த வியப்பைத் தீர்ப்பில் சேர்க்கக்கூடாது. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளை முடிவுசெய்யாது என்று ஜேம்ஸ் பார் 1961இலேயே விவிலிய ஆய்வாளர்களைக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டிப்பு நமக்கும் பொருந்தும். கொல்லிமலையில் காய்ச்சலோடு கிடந்த பூசாரி தொல்காப்பியப் பொருளில் நம்பவில்லை.

நம்பு என்ற சொல்லுக்கு எதிராகச் சொல்லப்படுவது, அது மிக மெல்லியது என்பது. பேருந்து வரும் என்றும் நம்புகிறோம், பேய் உண்டு என்றும் நம்புகிறோம். மூடநம்பிக்கையிலும் அதே வேர்தான் இருக்கிறது. நம்பி ஏமாந்தவர்களின் கதை ஊர்தோறும் உண்டு. யாக்கோபு 2:19இல் பேய்களும் இதே வினையைச் செய்து நடுங்குகின்றன என்பது இந்த வாதத்துக்கு இன்னும் வலுவாகத் தெரியலாம். ஆனால் தமிழ் இலக்கணமே இதற்கு விடை வைத்திருக்கிறது. ஒருவர் உண்டு என்று நம்புவது வேறு, ஒருவரை நம்புவது வேறு. முன்னதில் 'என்று' வருகிறது. பின்னதில் இரண்டாம் வேற்றுமை வருகிறது. கிரேக்கமும் இங்கே ஏறத்தாழ இப்படித்தான் பிரிகிறது. பேய்கள் செய்வது கடவுள் ஒருவரே என்று நம்புவது. யோவான் கேட்பது ஒருவரை நம்புவது. அறப்பளீசுவரரும் எட்டுக்கை அம்மனும் மாசி பெரியண்ணனும் குடியிருக்கும் கொல்லிமலையில், கடவுள் உண்டா என்பது பெரிய கேள்வியாக இருந்திருக்க முடியாது. யாரை நம்பிப் பிள்ளையைக் கொடுப்பது என்பதே அந்தக் காய்ச்சல் காலத்தின் கேள்வி. அதைக் கேட்பதற்கு இரண்டாம் வேற்றுமை போதும். ஏமாறும் ஆபத்து அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் நான் குறையாக எண்ணவில்லை. ஆபத்தே இல்லாத இடத்தில் ஒருவரை நம்பவேண்டிய தேவை எழுவதில்லை.

சோதித்துப் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறது: மாற்கு 9:24. வலிப்பில் விழும் மகனை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் கதறுகிறார். தமக்குள் இருக்கும் நம்பிக்கையையும் இல்லாமையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பழைய திருப்புதலில் அவர் 'அவிசுவாசம்' என்கிறார். அந்தச் சொல் எந்தத் தகப்பனின் வாயிலும் அழுகையோடு வராது; அது உபதேசியின் சொல். பொதுமொழிபெயர்ப்பில் முதற்பாதி 'நம்புகிறேன்' என்று நேராக வருகிறது. பிற்பாதி 'நம்பிக்கையின்மை' என்று அலுவலகக் கடிதமாகிவிடுகிறது. முழுதாக நம்பமுடியவில்லை, உதவும் என்று அவர் சொல்லியிருந்தால் கிரேக்கத்தின் வேகத்துக்கு இன்னும் அருகில் போயிருக்கலாம்.

பொதுமொழிபெயர்ப்பின் மீது என் முக்கியக் குறை இங்கேதான் தொடங்குகிறது. சரியான வேரைக் கண்டுபிடித்துவிட்டு, அதை வினையாக விட அது தயங்குகிறது. யோவான் 3:16 உட்படப் பல இடங்களில் நம்பிக்கை கொள்வது, நம்பிக்கை வைப்பது என்று பெயர்ச்சொல்லோடு ஒரு துணைவினையை ஒட்டுகிறது. யோவான் விலக்கிய பெயர்ச்சொல் தமிழில் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நம்பிக்கை கொள்வது என்றதும் அது ஒரு நிலைப்பாடாகிறது, மேடைப்பேச்சாகிறது. பழைய திருப்புதலும் 'விசுவாசமாயிரு' என்று இதே வேலையைச் சில இடங்களில் செய்தது. ஆனால் 3:16இல் 'விசுவாசிக்கிறவன்' என்று வினையைக் காத்தது. அந்த ஓரிடத்தில் இலக்கண உணர்வு பவர் குழுவிடமும், சொல்லுணர்வு 1995இன் குழுவிடமும் இருக்கின்றன.

பழகிய சொல்லை மாற்றக்கூடாது என்பவர்களின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். விசுவாசம் என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு தலைமுறைகள் செத்திருக்கின்றன, பாடியிருக்கின்றன. அந்தச் சொல்லை அவர்களுடைய பாட்டிலிருந்தும் மன்றாட்டிலிருந்தும் பிடுங்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் முதல்முறையாக ஒரு நற்செய்தியைக் கையில் எடுக்கும் மலைவாழ் இளைஞருக்கோ நகரத்துப் பெண்ணுக்கோ அந்தச் சொல் எதைச் சொல்கிறது? யாருக்கோ கட்டுப்பட்ட கூட்டத்தில் சேர்வதை. யோவான் சொன்னது அதுவல்ல.

என் தீர்ப்பு இது: வினைக்கு நம்பு. துணைவினையில்லாமல், வேற்றுமையோடு, அவரை நம்புகிறவர் என்று. யோவான் நற்செய்தியின் 98 இடங்களில் மிகப் பலவற்றை இப்படி எழுதமுடியும். 2:24ஐப் போன்ற இடங்களில் 'நம்பி ஒப்படைக்கவில்லை' என்று விரித்தால் போதும். எல்பிஸுக்கு எதிர்நோக்கு கட்டுரைகளில் இருக்கட்டும். ஆறுதல் மொழியாக வரும் இடங்களில் 'காத்திருத்தல்' என்ற எளிய வினையை அடுத்த திருத்தக் குழு சோதித்துப் பார்க்கவேண்டும். விசுவாசத்தையும் விட்டுவிடத் தேவையில்லை. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனிகளை வரிசைப்படுத்தும்போது வரும் பிஸ்திஸ், சொன்ன சொல் மாறாத பற்றுறுதியைக் குறிக்கிறது. பொதுமொழிபெயர்ப்பு அங்கேயும் நம்பிக்கை என்றே போட்டிருப்பது பொருந்தவில்லை. பழைய திருப்புதலின் விசுவாசத்தை, ஊரில் எல்லாரும் இன்று அதற்குக் கொள்ளும் அதே பொருளில், அந்த வசனத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.